இணைப்புகளின் கணிதம்

தருமபுரியில் ஓர் இரயில் நிலையம் உண்டு. மொரப்பூரிலும் ஓர் இரயில் நிலையம் உண்டு. இரண்டும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனினும் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்க விரும்புகிறவர் தெற்கே சேலம் வரை சென்று, வண்டி மாறி, வடகிழக்காகத் திரும்பி வரவேண்டும். நூறு கிலோமீட்டரைத் தாண்டும் சுற்று அது. நேர்ப்பாதை ஒன்று அமையுமானால் அதன் நீளம் 36 கிலோமீட்டர்தான். சென்னைக்கு இரயிலில் செல்லும் தருமபுரிக்காரர்கள் பலர் பேருந்தில் மொரப்பூர் வந்து வண்டி பிடிப்பதன் காரணம் இதுவே.

இந்த நேர்ப்பாதை முன்னொரு காலத்தில் இருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. பஞ்சகால நிவாரணத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட குறுகிய இரயில் பாதைகளுள் ஒன்றாக 1906இல் மொரப்பூர்–தருமபுரிப் பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941இல் மூடப்பட்டது. 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூர்ப் பாதை வந்தபோது தருமபுரி மீண்டும் இரயிலைக் கண்டது. ஆனால் மொரப்பூருடன் இருந்த உறவு திரும்பவில்லை. இன்று தருமபுரி நிலையம் தென்மேற்கு இரயில்வேயிலும், மொரப்பூர் நிலையம் தெற்கு இரயில்வேயிலும் உள்ளன. புதிய அகலப்பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நில எடுப்பு வேலையே ஆண்டுக்கணக்கில் நீண்டது.

36 கிலோமீட்டர் இரும்புப் பாதைக்கு ஒரு மாவட்டம் இத்தனை காலம் ஏங்குவது ஏன்? பயணத் தொலைவு குறையும் என்பது விடையின் ஒரு பகுதி மட்டுமே. ஓர் இணைப்பின் மதிப்பு அதன் நீளத்தில் இல்லை. எஞ்சிய எல்லா இணைப்புகளோடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும். இந்த உண்மையை ஆராய்வதற்கென்றே கணிதத்தில் கோட்டுருவியல் என்றொரு துறை இருக்கிறது. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் பல அறியா அளவுகளை ஒருசேரக் கண்டறியும் துறை நேரியல் இயற்கணிதம். கல்லூரியில் கணிதம் பயின்றவர்களோடு நின்றுவிடும் பெயர்கள் இவை. ஆனால் இவற்றின் அடிப்படைக் கேள்விகளைப் புரிந்துகொள்ளக் கூட்டல், பெருக்கல் அறிவுக்கு மேல் அதிகம் தேவையில்லை. அதைவிட முக்கியமாக, நம் முன்னோரான ஃபிக்ஹ் அறிஞர்களும் ஹதீஸ் கலை வல்லுநர்களும் இக்கேள்விகளை வேறு பெயர்களில் நெடுங்காலமாகக் கையாண்டிருக்கிறார்கள். அதனையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஒரு தாளை எடுத்து ஐந்து புள்ளிகளை இடுவோம். தருமபுரி, சேலம், மொரப்பூர், ஜோலார்பேட்டை, பெங்களூர். இடையில் உள்ள சிறு நிலையங்களையும் கிளைப்பாதைகளையும் விட்டுவிடுவோம். தருமபுரியிலிருந்து சேலத்திற்கு ஒரு கோடு, சேலத்திலிருந்து மொரப்பூருக்கு ஒன்று, அங்கிருந்து ஜோலார்பேட்டைக்கு, அங்கிருந்து பெங்களூருக்கு, பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக மீண்டும் தருமபுரிக்கு. ஐந்து புள்ளிகள், ஐந்து கோடுகள், ஒரு வளையம். புள்ளியை முனை என்றும் கோட்டை விளிம்பு என்றும் அழைப்பர்; முனைகளும் விளிம்புகளும் சேர்ந்தது கோட்டுரு. மலை, ஆறு, தொலைவு, திசை எதுவும் இந்தப் படத்தில் இல்லை. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே உண்டு. இவ்வளவையும் துறந்துவிட்ட படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். துறந்ததனால்தான் பயன். கேள்விக்குத் தேவையற்றவை நீங்கிய பிறகே விடை கண்ணுக்குப் புலப்படுகிறது.

இத்துறையின் பிறப்பும் அவ்வாறே நிகழ்ந்தது. இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் என அழைக்கப்படும் நகரம் அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க். ஆற்றால் பிரிந்த நான்கு நிலப்பகுதிகளை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து நகரைச் சுற்றி வர முடியுமா என்பது அவ்வூராரின் பொழுதுபோக்குக் கேள்வி. 1736இல் ஆய்லர் என்னும் சுவிஸ் கணித மேதை இதற்கு விடை எழுதினார். அவருடைய தர்க்கம் மிக எளியது. நடந்து செல்பவர் ஒரு முனைக்குள் ஒரு கோட்டின் வழியே நுழைந்தால் மற்றொரு கோட்டின் வழியே வெளியேற வேண்டும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் கோடுகள் இரண்டிரண்டாகச் செலவாகும். பயணம் தொடங்கும் முனையும் முடியும் முனையும் மட்டுமே இதற்கு விலக்கு. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகளைக் கொண்ட முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அப்படிப்பட்ட பயணம் இயலாது. கோனிக்ஸ்பெர்க்கில் நான்கு முனைகளும் ஒற்றைப்படை. எனவே இயலாது. முயன்று பார்த்துக் களைத்துச் சொன்ன தீர்ப்பன்று இது. எவரும் எக்காலத்திலும் முயல வேண்டியதில்லை என்னும் தீர்ப்பு.

நம் இரயில் வளையத்தில் இதனைப் பொருத்துவோம். தண்டவாளத்தைச் சோதிக்கும் ஆய்வாளர் ஒருவர் ஒவ்வொரு பகுதியையும் ஒரே முறை கடக்க விரும்புகிறார். இன்றைய வளையத்தில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கோடுகள். எங்கிருந்து புறப்பட்டாலும் சுற்றி வந்து அங்கேயே சேர்ந்துவிடலாம். மொரப்பூர்–தருமபுரிக் கோட்டைச் சேர்த்துவிட்டால் அவ்விரு முனைகளிலும் மும்மூன்று கோடுகள் ஆகிவிடும். அப்போது அவர் தருமபுரியில் தொடங்கினால் மொரப்பூரில்தான் முடிப்பார். மொரப்பூரில் தொடங்கினால் தருமபுரியில். வேறு எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் ஏதேனும் ஒரு பகுதியை மறுமுறை கடந்தே ஆகவேண்டும். வாசகர் பென்சிலைக் கையிலெடுத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கோடுகள் அனைத்தையும் கடப்பது ஒரு கேள்வி. முனைகள் அனைத்தையும் ஒருமுறை தொட்டு வருவது வேறொரு கேள்வி. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் முதலாவது எளிது, இரண்டாவது மிகக் கடினம்.

இரண்டாவது கேள்வியின் பழைய வடிவம் ஒன்று அப்பாஸியர் காலத்து பக்தாதில் தோன்றியது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும் குதிரைக் காய் ஒவ்வொன்றிலும் ஒருமுறை மட்டுமே கால்பதித்துச் சுற்றி வருவது எப்படி? ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சதுரங்க வல்லுநர் அல்அத்லீ அர்ரூமீ இதற்கு வழி கண்டார். அவருடைய நூல் கிடைக்கவில்லை; அவர் கண்ட வழி பிற்காலக் கையெழுத்துப் படிகளில் எஞ்சியிருக்கிறது. (சதுரங்கம் ஆகுமா ஆகாதா என்னும் ஃபிக்ஹ் விவாதத்தை இங்கே கிளப்ப நாம் விரும்பவில்லை.) அதே நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் குதிரைப் பாய்ச்சலைச் செய்யுளுக்குள் அமைத்தார். வேதாந்த தேசிகரின் பாதுகா சகஸ்ரத்திலும் எழுத்துகளைக் குதிரை நடையில் தொடர்ந்தால் மற்றொரு செய்யுள் பிறக்கும் சித்திரக் கவி உண்டு. கட்டங்களை முனைகளாகவும் குதிரை தாவும் வழிகளை விளிம்புகளாகவும் கொண்டால் மூவரும் கையாண்டது ஒரே கோட்டுருவியல் புதிர்தான்.

இதில் கடினம் எங்கே இருக்கிறது? தருமபுரி மாவட்டத்தில் ஏழு வட்டங்கள்: தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி. தருமபுரியில் புறப்பட்டு மற்ற ஆறு தலைமை ஊர்களுக்கும் சென்று திரும்பும் வணிகர் அவற்றை எந்த வரிசையில் சுற்றினால் தொலைவு குறையும்? சுற்று ஒன்றைத் தலைகீழாகச் சென்றாலும் தொலைவு மாறாது என்பதைக் கழித்துவிட்டால், அவர் ஒப்பிட வேண்டிய வழிகள் 360. ஓர் இரவில் எழுதி முடித்துவிடலாம். ஊர்கள் 20 ஆனால் வழிகளின் எண்ணிக்கை 6,08,22,55,02,04,41,6000 என்று 17 இலக்கங்களுக்கு விரிந்துவிடுகிறது. நொடிக்குப் பத்து இலட்சம் வழிகளைச் சோதிக்கும் கணினிக்கும் இதை முடிக்க 1900 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சூழ்ச்சியான முறைகளால் பெரிய கணக்குகளையும் இன்று தீர்த்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லா நிலைகளிலும் விரைந்து விடை தரும் பொது முறை ஒன்று உண்டா என்பது இன்றளவும் தீராத வினா. ஆய்லர் கண்டதைப் போன்றதோர் எளிய விதி இங்கே எவருக்கும் அகப்படவில்லை.

வளையத்திற்கு நேர்மாறான வடிவம் ஒன்று உண்டு; அதன் பெயர் மரம். எங்கும் சுற்று இல்லாமல், ஆனால் எல்லா முனைகளும் இணைந்திருப்பது மரம். ஏழு ஊர்களை ஆறு கோடுகளால் இணைத்துவிடலாம். அதற்குக் குறைந்தால் ஏதேனும் ஓர் ஊர் விடுபடும், கூடினால் எங்கோ ஒரு சுற்று உண்டாகும். மரமே மிகச் சிக்கனமான இணைப்பு. 1926இல் செக் நாட்டுக் கணித அறிஞர் பொரூவ்கா, மொராவியாப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வேலையையொட்டி, மிகக் குறைந்த கம்பியில் எல்லா ஊர்களையும் இணைக்கும் மரத்தைக் கண்டறியும் முறையை வகுத்தார்.

சிக்கனத்திற்கு விலை உண்டு. மரத்தில் எந்தக் கோடு அறுந்தாலும் அதற்கு அப்பால் உள்ளவர் அனைவரும் துண்டிக்கப்படுவர். குடிநீர்க் குழாய்கள் பெரும்பாலும் மர வடிவிலேயே கிளைத்துச் செல்கின்றன. கடைக்கோடிச் சிற்றூரின் குழாயில் நீர் வராதபோது, பழுது அவ்வூரில் இல்லாமல் எங்கோ மேலே இருப்பதன் காரணம் இதுவே. தருமபுரி மக்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு மிகுதி. பற்களில் கறையும் எலும்புகளில் விறைப்பும் வளைவும் உண்டாக்கும் ஃப்ளோரோசிஸ் நோய் தலைமுறைகளாக இங்கே இருந்து வந்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கப்பெற்று, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1928 கோடி ரூபாய் அளவிலான செலவில் நிறைவேறி, 2013இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இந்நீரை முன்னிட்டே நேரியல் இயற்கணிதத்திற்குள் நுழைவோம். கணக்கை விளக்க நாமே சில எண்களைக் கற்பித்துக்கொள்கிறோம். ஓர் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு. குழாயில் வரும் ஆற்று நீரில் அரை மில்லிகிராம். குழாய் நீர் போதாத நாளில் இரண்டையும் கலந்து 1000 லிட்டர் தொட்டியை நிரப்ப வேண்டும். கலவையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. கிணற்று நீரை எவ்வளவு சேர்க்கலாம்?

அறியா அளவுகள் இரண்டு, நிபந்தனைகளும் இரண்டு. இரு நீர்களின் கூட்டுத்தொகை 1000 லிட்டர். இரண்டிலும் உள்ள ஃப்ளோரைடின் கூட்டுத்தொகை 1000 மில்லிகிராம். எழுத்துக் குறியீடுகள் இல்லாமலேயே இதைத் தீர்க்கும் முறை ஒன்றை அரபுலகக் கணக்கர்கள் ‘இரு பிழைகளின் கணக்கு’ என்று அழைத்தனர். பஅலபக் நகரைச் சேர்ந்த குஸ்தா இப்னு லூகா இம்முறைக்கு நிரூபணம் எழுதியவர். முதலில் கிணற்று நீர் 100 லிட்டர் என்று ஊகிப்போம். ஃப்ளோரைடு 300உம் 450உம் சேர்ந்து 750; வேண்டியதற்கு 250 குறைவு. அடுத்து 300 லிட்டர் என்று ஊகிப்போம். 900உம் 350உம் சேர்ந்து 1250, 250 மிகுதி. ஒரு பிழை குறைவாகவும் மற்றொன்று அதே அளவு மிகுதியாகவும் இருப்பதால் விடை இரண்டுக்கும் நடுவில் உள்ளது: 200 லிட்டர். எஞ்சிய 800 லிட்டரும் ஆற்று நீர். தவறான இரு ஊகங்களிலிருந்து சரியான விடை எப்படிப் பிறந்தது? கிணற்று நீரைக் கூட்டக் கூட்ட ஃப்ளோரைடும் அதே விகிதத்தில் கூடுகிறது. அந்த உறவை வரைந்தால் வளையாத நேர்கோடு கிடைக்கும். நேர்கோட்டின் இரு புள்ளிகள் தெரிந்துவிட்டால் முழுக் கோடும் தெரிந்துவிடும். ‘நேரியல்’ என்னும் பெயரின் பொருள் இதுவே.

இவ்விடத்தில் அல்குவாரிஸ்மியைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். கி.பி. 820ஐ ஒட்டி, கலீஃபா மஃமூனின் காலத்தில் அவர் இயற்றிய நூலின் பெயரிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ என்னும் சொல் வந்தது என்பதை நம் மேடைகளிலும் ஏடுகளிலும் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. சொல் யாருடையது என்று பெருமை பேசுவதைவிட, அந்நூலின் பிற்பகுதியைத் திறந்து பார்ப்பது மேல் என்பது நம் கருத்து. நூலின் ஏறத்தாழப் பாதி வாரிசுரிமைக் கணக்கும் வஸிய்யத் கணக்குமாகும். அன்றைய காழிகளுக்கும் குடும்பங்களுக்கும் தேவைப்பட்ட கணக்கு அது. இன்றும் தேவைப்படுகிறது.

நம் குடும்பங்களில் நேரும் ஒரு நிலையைக் கொண்டே விளக்குவோம். ஒரு பெரியவருக்கு மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். மூன்றாவது மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டான். அவனுக்கு ஒரு பையன் உண்டு. மகன்கள் உயிரோடிருக்கையில் பேரனுக்கு ஃபராயிள் சட்டப்படி பங்கில்லை. ஆனால் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பகுதிக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்ய வழி உண்டு. பெரியவர், “என் மகன்களில் ஒருவனுக்குக் கிடைக்கும் பங்குக்குச் சமமானதை இப்பேரனுக்குக் கொடுங்கள்” என்று வஸிய்யத் செய்து மறைகிறார். அடக்கச் செலவும் கடனும் போக எஞ்சியது 23 இலட்சம் ரூபாய். பேரனுக்கு எவ்வளவு?

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. பேரனின் தொகை தெரிய வேண்டுமானால் மகனின் பங்கு தெரிய வேண்டும். மகனின் பங்கு தெரிய வேண்டுமானால், முதலில் பேரனின் தொகையைக் கழித்தாக வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? குடும்பங்களில் மனத்தாங்கல் பிறப்பதும் இங்கேதான். வஸிய்யத்தைக் கழிக்காமலே மகனின் பங்கைக் கணக்கிட்டு அதையே பேரனுக்குக் கொடுத்தால் மகன்களுக்குப் பேரனைவிடக் குறைந்துவிடும்.

இயற்கணிதத்தின் உத்தி, தெரியாததைத் தெரிந்ததுபோலப் பெயரிட்டு அழைப்பது. வஸிய்யத் போக எஞ்சுவதை 16 பங்குகள் என்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 2 பங்கு. எஞ்சிய 14இல் மகன்களுக்கு ஆளுக்கு 7. பேரனுக்கும் அதே 7. மொத்தம் 16உம் 7உம் சேர்ந்து 23 பங்குகள். ஆகவே பேரனுக்கு 7 இலட்சம், மகன்களுக்குத் தலா 7 இலட்சம், மனைவிக்கு 2 இலட்சம். 23இல் 7 என்பது மூன்றில் ஒன்றுக்கு உட்பட்டது. ஆகவே வஸிய்யத்தும் செல்லும். மூன்று அறியா அளவுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றன. சரியான இடத்தில் பிடித்ததும் மூன்றும் ஒருசேர அவிழ்ந்தன. நேரியல் இயற்கணிதத்தின் பொருள் இதைவிட வேறல்ல. அறியா அளவுகள் மூன்றுக்குப் பதிலாக மூவாயிரம் ஆகலாம், அவ்வளவே.

நிபந்தனைகள் போதாதபோது என்ன நிகழும்? எகிப்தைச் சேர்ந்த அபூகாமில் இதனை ஆராய்ந்தார். வெவ்வேறு விலையுள்ள பறவைகளில் நூறு பறவைகளை நூறு திர்ஹத்திற்கு வாங்குவது எப்படி என்னும் வகைப் புதிர்கள் அன்று பல நாடுகளிலும் வழங்கின. தென்னகத்துச் சமண கணித அறிஞர் மகாவீரரின் கணிதசாரசங்கிரகத்திலும் இவ்வகை உண்டு. அபூகாமில், ஒரு புதிருக்கு ஒரே விடைதான் என்று எண்ணுவது பிழை எனக் காட்டினார். சில புதிர்களுக்கு விடையே இல்லை, சிலவற்றிற்கு ஒன்று, ஐந்து வகைப் பறவைகள் கொண்ட ஒன்றுக்கு 2676 விடைகளை அவர் கண்டார். விடை உண்டா, ஒன்றா, பலவா என்னும் இந்த மூன்று கேள்விகளே இன்றும் கல்லூரி மாணவன் சமன்பாடுகளின் தொகுதியைப் பார்த்ததும் முதலில் கேட்பவை.

அறியா அளவுகள் பெருகும்போது எண்களை மட்டும் வரிசையாகவும் நிரலாகவும் கட்டம் கட்டி எழுதிக்கொள்வது வசதி. அக்கட்டத்தின் பெயர் அணி. ஒரு வரிசையைத் தக்க எண்ணால் பெருக்கி மற்றொன்றிலிருந்து கழித்து, அறியா அளவுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருவது தீர்வு முறை. சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் பழம்பெரும் கணித நூலில் இது காணப்படுகிறது. ஐரோப்பிய வழக்கில் காஸ் என்னும் ஜெர்மானியரின் பெயரால் வழங்குகிறது.

இரு துறைகளும் சந்திக்கும் இடம் இந்த அணியே. நம் ஐந்து இரயில் முனைகளையும் கட்டத்தின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் எழுதுவோம். இரண்டு ஊர்களுக்கு நேரடிக் கோடு இருந்தால் அவை சந்திக்கும் கட்டத்தில் 1, இல்லையேல் 0. தருமபுரி வரிசையில் சேலத்திற்கும் பெங்களூருக்கும் நேராக 1 வரும். மொரப்பூருக்கு நேராக 0. படம் எண்களாகிவிட்டது. இந்த அணியை அதனாலேயே பெருக்கினால் கிடைக்கும் எண்கள், இரண்டே கட்டங்களில் சென்றடையும் வழிகள் எத்தனை என்பதைக் காட்டும். தருமபுரி–மொரப்பூர்க் கட்டத்தில் அப்போது 1 தோன்றும். சேலம் வழியாக ஒரு வழி உண்டு என்பதன் எண் வடிவம் அது. மும்முறை பெருக்கினால் மூன்று கட்ட வழிகள். வரைபடத்தைக் கண்ணால் காணாத கணினி வழிகளை எண்ணுவது இவ்வாறே.

1847இல் ஜெர்மனியின் கிர்க்காஃப் மின்சுற்றுகளை ஆராய்ந்தபோது இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார். ஒவ்வொரு முனையிலும் எத்தனை கோடுகள் என்பதை மூலைவிட்டத்தில் எழுதி, கோடு உள்ள இடங்களில் –1 இட்டு, ஏதேனும் ஒரு வரிசையையும் அதற்குரிய நிரலையும் நீக்கி, எஞ்சிய அணியின் அணிக்கோவையைக் கணக்கிட்டால், அக்கோட்டுருவுக்குள் அடங்கியிருக்கும் மரங்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். அதாவது, சிக்கனமாக எல்லா ஊர்களையும் இணைத்து வைக்க எத்தனை வழிகள் உள்ளன என்பது. இன்றைய வளையத்திற்கு விடை 5. மொரப்பூர்–தருமபுரிக் கோட்டைச் சேர்த்ததும் 11.

இந்த 11ஐ அணிக்கோவை அறியாதவரும் விரல்விட்டு எண்ணலாம். வெள்ளமோ மண்சரிவோ ஏற்பட்டு ஒரே நேரத்தில் இரண்டு பாதைகள் தடைபடுவதாகக் கொள்வோம். இன்றைய வளையத்தில் ஐந்து பாதைகளில் இரண்டைத் தேர்ந்தால் 10 வகை. பத்திலும் ஐந்து ஊர்கள் இரு குழுக்களாகப் பிரிந்துவிடும், ஒன்றுகூடத் தப்பாது. புதிய பாதை சேர்ந்தபின் ஆறில் இரண்டைத் தேர்ந்தால் 15 வகை. சேலத்தின் இருபுறமும் ஒருசேர அறுந்தால் சேலம் தனித்துவிடும். மொரப்பூர்–ஜோலார்பேட்டை–பெங்களூர்–தருமபுரி என்னும் மூன்று பாதைகளில் இரண்டு அறுந்தாலும் பிரிவு உண்டாகும். ஆக நான்கு வகைகளில் மட்டுமே பிரிவு. மற்ற 11 வகைகளிலும் ஐந்து ஊர்களும் இணைந்தே இருக்கும். 36 கிலோமீட்டரின் மதிப்பு தருமபுரிக்காரரின் பயண நேரத்தோடு முடிவதில்லை. ஜோலார்பேட்டையில் நிற்பவருக்கும் அதில் பங்குண்டு.

வஸிய்யத் கணக்கில் கண்ட சுழல், நம் காலத்தில் இணையத் தேடலிலும் தலைகாட்டியது. 1998இல் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், முக்கியமான பக்கங்கள் சுட்டும் பக்கமே முக்கியமானது என்னும் அளவுகோலை வைத்தனர். முக்கியத்தை முக்கியத்தால் அளப்பதா என்று திகைக்கத் தேவையில்லை. பேரனின் பங்கும் மகனின் பங்கும்போலவே அவையும் ஒருசேர அவிழும் சமன்பாடுகள். கோடிக்கணக்கான முனைகளைக் கொண்ட ஒரு கோட்டுருவும் அதற்கான மாபெரும் அணியும் அவர்களுடைய கருவிகள்.

எனினும் நம் வாசகருக்கு மிக நெருக்கமான கோட்டுரு ஒன்று இன்னும் பேசப்படாமல் இருக்கிறது. அது இஸ்நாத். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் சங்கிலிகள் அனைத்தையும் ஒரே தாளில் வரைந்தால் அறிவிப்பாளர்கள் முனைகளாகவும், கேட்டல் அம்புக்குறியுடைய கோடாகவும் அமைந்த கோட்டுரு உருவாகும். ஒரு நபிமொழியை ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை பேர் அறிவித்தனர் என்பதைக் கொண்டு கரீப், அஸீஸ், மஷ்ஹூர் என வகைப்படுத்துவது ஹதீஸ் கலையின் மரபு. எங்கே எண்ணிக்கை மிகக் குறைவோ அந்த இடமே வகையைத் தீர்மானிக்கும் என்பதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (இறப்பு 1449) தெளிவுபடுத்தியிருக்கிறார். கடைசித் தலைமுறையில் ஆயிரம் பேர் இருந்தாலும், நடுவில் ஒருவரே இருந்தால் அது ஒருவர் வழி வந்ததே.

1927இல் ஆஸ்திரியாவின் மெங்கர் நிறுவிய தேற்றம் இதற்கு மிக அருகில் வருகிறது. இரு முனைகளுக்கிடையே, நடுவில் எந்த முனையையும் பகிர்ந்துகொள்ளாத தனித்தனி வழிகள் அதிகபட்சம் எத்தனையோ, அத்தனை முனைகளை நீக்கினால்தான் அவற்றுக்கிடையிலான தொடர்பு முற்றிலும் அறும் என்கிறது அத்தேற்றம். இது தலைமுறை எண்ணிக்கையைவிடச் சற்று நுட்பமானது. ஒரு தலைமுறையில் அ, ஆ, இ என மூவரும் அடுத்ததில் க, ச, த என மூவரும் இருப்பதாகக் கொள்வோம். ‘அ’ மூவருக்கும் அறிவித்தார். ஆ, இ இருவரும் ‘க’வுக்கு மட்டுமே அறிவித்தனர். தலைமுறைக்கு மும்மூவர் என்று எண்ணிவிடலாம். ஆனால் ‘அ’வையும் ‘க’வையும் நீக்கினால் ஒரு வழியும் எஞ்சாது. உண்மையில் தனித்த வழிகள் இரண்டே. தலைகளை மட்டும் எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொரு வழியையும் தனித்தனியே திரட்டி ஒப்பிட்டுப் பார்த்த ஹதீஸ் வல்லுநர்களின் உழைப்பு எவ்வளவு அவசியமானது என்பதை இச்சிறு உதாரணமே உணர்த்தும்.

ஆனால் கோட்டுருவின் வடிவம் மட்டுமே தீர்ப்பாகாது. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ், எண்ணங்களைப் பற்றியது. அதன் வடிவத்தைப் பாருங்கள். உமர் (ரலி), அவரிடமிருந்து அல்கமா இப்னு வக்காஸ், அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ, அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீ. நான்கு முனைகள் வரை ஒற்றைக் கோடு; மெங்கரின் அளவுகோலில் இந்நால்வரில் எவரை நீக்கினாலும் தொடர்பு அறுந்துவிடும். அப்படியிருந்தும் அதன் ஆதாரத் தன்மையில் அறிஞர்களுக்கு ஐயமில்லை. காரணம், கோட்டுருவியலின் புள்ளிகள் அனைத்தும் ஒரே தரம். ஹதீஸ் கலையின் புள்ளிகள் அப்படியல்ல. ஒவ்வொருவரின் நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே எடைபோடப்பட்டவை. எடையில்லாத கோட்டுரு வழிகளை எண்ணும். வழியில் நிற்பவர் யார் என்று அதற்குத் தெரியாது.

யஹ்யாவுக்குப் பிறகு அந்த ஒற்றைக் கோடு திடீரென்று விரிகிறது. அவரிடமிருந்து இந்நபிமொழியை 700 பேர் அறிவித்தனர் என்று அபூ இஸ்மாயீல் அல்ஹரவீயின் பெயரால் ஒரு செய்தி வழங்கி வந்தது. இப்னு ஹஜர் அதை அப்படியே ஏற்கவில்லை. கிடைத்த தொகுப்புகளையெல்லாம் தேடி வழிகளைத் தாமே எண்ணத் தொடங்கினார். நூறைக்கூடத் தம்மால் நிறைவு செய்ய இயலவில்லை என்று ஃபத்ஹுல் பாரீயில் பதிவு செய்திருக்கிறார்.